அட்டவணை அக்காவின் ஏழாவது வரிசை

அட்டவணை அக்காவுக்கு அந்தப் பெயரை வைத்தது நான்தான். கதிரியக்கக் கழிவு வகைப்பாட்டுப் பிரிவு, மூன்றாவது மாடி. அங்கே என் மேசையும் அவள் மேசையும் பதினெட்டு வருடம் ஒட்டிக் கிடந்தன. நான் தட்டச்சர். அவள் வகைப்பாட்டு உதவியாளர். எதைக் கையில் கொடுத்தாலும் கட்டம் போட்டுவிடுவாள். யார் எந்த நாள் தேநீர் வாங்கி வருவது என்பதற்கு ஒரு அட்டவணை. ஜன்னலை எத்தனை மணிக்குத் திறப்பது, எத்தனை மணிக்குச் சாத்துவது என்பதற்கு இன்னொன்று. ஒருமுறை எனக்கும் பக்கத்து அறைக் கோப்புக்காரருக்கும் பெரிய வாய்த்தகராறு. மறுநாள் காலையில், யார் எந்த வார்த்தையை முதலில் சொன்னது என்று இரண்டு பத்தியாகப் பிரித்து எழுதி எடுத்து வந்துவிட்டாள். என் பத்திதான் நீளம். அன்றைக்கு வந்த கோபத்தில் வைத்த பெயர், அப்படியே ஒட்டிக்கொண்டது.

எங்கள் வேலையைச் சொன்னால் வெளியே யாருக்கும் புரியாது. மருத்துவமனைகளிலும் தொழிற்சாலைகளிலும் அணு உலையிலும் மிஞ்சுகிற கழிவை இரும்பு டிரம்மில் அடைத்து, ஊருக்கு வெளியே ஒரு கிடங்குக்கு அனுப்புவார்கள். எந்த டிரம் தாழ்நிலை, எது இடைநிலை, எது உயர்நிலை என்று நாங்கள் எழுத வேண்டும். எங்களில் யாரும் டிரம்மைக் கண்ணால் பார்த்ததில்லை. காகிதத்தைப் பார்த்தே அதன் தலையெழுத்தை எழுதினோம். அதுவும் அப்போதிருந்த விதிப்படி எங்கிருந்து வந்தது என்று மட்டும் பார்த்தால் போதும். எரிபொருளிலிருந்து வந்தால் உயர்நிலை, உலையின் மற்ற பாகங்களிலிருந்து வந்தால் இடைநிலை, மருத்துவமனையும் தொழிற்சாலையும் என்றால் தாழ்நிலை. உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. ஆளைப் பார்க்காமல் அப்பன் பேரை மட்டும் கேட்டு அனுப்பிவைக்கிற கதைதான்.

அக்காவின் தம்பி அந்தக் கிடங்கில்தான் வேலை பார்த்தான். சேர்த்துவிட்டவள் அக்காவேதான். "நம்ம துறை, நிரந்தர வேலை, என் கண் முன்னால இருப்ப" என்று சொல்லிச் சேர்த்துவிட்டாள். அவன் சேர்ந்த புதிதில் முப்பத்தெட்டு டிரம் ஒரே நாளில் வந்து இறங்கியது. பழைய பதிவேட்டில் அதைப் பற்றி ஒரே ஒரு வரி இருக்கிறது: 'மருத்துவமனை, தொழிற்சாலை இயந்திரங்களிலிருந்து.' அடைத்த நாள் இல்லை, உள்ளடக்கம் இல்லை, கையெழுத்துகூட இல்லை. அந்த வருடம் கிடங்கின் தரை ஒரு பக்கம் இறங்கிவிட்டது. தம்பியும் இன்னும் மூன்று பேரும் அந்த முப்பத்தெட்டையும் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு, அங்கிருந்து வேறொரு மூலைக்கு என்று நாலு மாதம் தள்ளுவண்டியில் வைத்தும் நெஞ்சோடு அணைத்தும் நகர்த்தினார்கள். தாழ்நிலைக் கழிவு என்பதால் கதிர் அளவு காட்டுகிற பேட்ஜ்கூடச் சட்டையில் மாட்டவில்லை. அந்த மூன்று பேரில் இரண்டு பேர் இப்போது இல்லை. மூன்றாமவர் எங்கே போனார் என்று தெரியாது.

இருபத்தொரு வருடம் கழித்துத் தம்பிக்கு ரத்தத்தில் நோய் வந்தது. எங்கள் துறைக்குச் சொந்தமாக ஒரு மருத்துவமனை உண்டு. அந்த நோய்க்குத் தேவையான சிகிச்சை அங்கே மட்டும்தான் சரியாக நடக்கும். ஆனால் உள்ளே படுக்க ஒரு சான்று வேண்டும். இடைநிலைக் கழிவையோ அதற்கு மேற்பட்டதையோ கையாண்ட ஊழியர், வேலையால் வந்த நோய் என்ற சான்று. தம்பி விண்ணப்பம் போட்டான். பத்தே நாளில் திரும்பி வந்தது: 'தாங்கள் கையாண்டது தாழ்நிலை.' அப்படி எழுதியது எங்கள் பிரிவு. தட்டச்சு செய்தது நான். அக்கா அன்று விடுப்பு. அவள் வருவதற்குள் நான் அந்தக் கடிதத்தை மூன்று தடவை மேசைக்குள் வைத்து மூன்று தடவை வெளியே எடுத்தேன்.

அக்கா அழவில்லை. கடிதத்தைப் படித்துவிட்டு, "விதி தப்பு. டிரம்முக்குள்ள என்ன இருக்குன்னு பார்த்தா இது தாழ்நிலையா இருக்காது" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

அந்த நேரம் பார்த்து மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. வெளிநாட்டு ஆய்வுக் குழு ஒன்று வரப்போகிறதாம். நம் வகைப்பாடு ரொம்பப் பழையது என்று எவனோ சொல்லிவிட்டானாம். அதனால் பதினோரு நாடுகள் தங்கள் கழிவை எப்படி வகை பிரிக்கின்றன என்று ஒப்பிட்டு, நமக்கு எது பொருந்தும் என்று பரிந்துரையும் சேர்த்து ஆறு வாரத்தில் தர வேண்டும். இயக்குநர் அதை அக்கா மேசையில் வைத்தார். பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று நாங்கள் இருவருமே நினைத்தோம். அதை நினைத்தால் இப்போதும் என் நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

ஆறு வாரமும் அக்கா அந்தத் தாளிலேயே குடியிருந்தாள். பக்கங்களை ஒட்டி ஒட்டி மேசை தாண்டித் தரைவரை தொங்கியது அட்டவணை. எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஒருநாள் மத்தியானம் உட்கார வைத்துச் சொன்னாள்.

"வீட்டுக்கு ஒரு விருந்தாளி வர்றார்னு வெச்சுக்கோ. ஒரு வீட்டுல, யார் வழி சொந்தம்னு மட்டும் கேப்பாங்க. அது நம்ம நாடு. இன்னொரு வீட்டுல, எத்தனை நாள் தங்குவார்னு கேப்பாங்க. இன்னொரு வீட்டுல, எவ்வளவு தொந்தரவு பண்ணுவார்னு பார்ப்பாங்க. இதோ இந்த நாட்டுக்காரங்க, ஆளு சூடான ஆளா, சாதுவான்னு மட்டும் பார்க்கறாங்க. நிஜமாவே சூடுதான். கழிவு தானா எவ்வளவு சூடாகுதுங்கறதை வெச்சுப் பிரிக்கறாங்க."

"விருந்தாளி ஒருத்தர்தானே?"

"ஒருத்தரேதான். அதே டிரம்தான். ஒரு நாட்டுல மேலாப்பல குழி தோண்டிப் புதைச்சுட்டுப் போயிடுவாங்க. இன்னொரு நாட்டுல அதையே பாறைக்குள்ள ஐநூறு மீட்டர் கீழ இறக்குவாங்க."

"அப்போ எது உண்மை?"

"டிரம்முக்கு உண்மை தெரியும். நமக்குக் கட்டம்தான் தெரியும்" என்றாள். அந்த ஆறு வாரத்தில் அவள் சிரித்து நான் பார்த்தது அப்போது மட்டும்தான்.

நாட்டுக்கு ஒரு பத்தி, கேள்விக்கு ஒரு வரிசை என்று போட்ட பன்னிரண்டு வரிசைகளில் ஏழாவதுதான் அவளைப் படுத்தி எடுத்தது. டிரம்மின் வகையை எந்த நாளை வைத்து முடிவு செய்வது என்ற வரிசை அது. கதிரியக்கம் நாளாக நாளாகக் குறைகிற சரக்கு. சில பொருள் முப்பது வருடத்தில் பாதியாகும், சிலது ஐந்து வருடத்திலேயே பாதியாகிவிடும். அதனால் சில நாடுகளில் டிரம்மை மூடி முத்திரை வைத்த நாளில் என்ன இருந்ததோ அதுதான் என்றைக்கும் வகை. வேறு சில நாடுகளில் அளக்கிற நாளில் கருவி என்ன சொல்கிறதோ அதுதான். முத்திரை வைத்த நாள் என்று போனால் அதற்குக் காகிதம் வேண்டும். தம்பி தூக்கிய முப்பத்தெட்டு டிரம்முக்குத்தான் காகிதமே கிடையாதே. காகிதம் இல்லாத டிரம் பழைய வகையிலேயே கிடக்கும் என்று முத்திரை நாளைப் பார்க்கிற நாடுகளின் விதிகள் அத்தனையும் சொல்லின.

அக்கா பரிந்துரைப் பத்தியில், ஏழாவது வரிசைக்கு நேராக, 'அளந்த நாள்' என்று எழுதினாள்.

அவளுக்குக் குறைவது தெரியாதா? வாய்ப்பாடு போலத் தெரியும். பழைய மருத்துவ இயந்திரங்களில் இரண்டு பொருள் உண்டு. ஒன்று சீசியம், முப்பது வருடத்துக்காரன். இன்னொன்று கோபால்ட், ஐந்து வருடத்துக்காரன். முப்பத்தெட்டு டிரம்மில் இருப்பது எது என்று எழுதி வைக்கவில்லை. அக்கா சீசியம் என்று முடிவு கட்டிவிட்டாள். சீசியமாக இருந்தால் இருபத்தொரு வருடத்தில் பாதிகூடக் குறைந்திருக்காதே? கருவியை வைத்தால் கத்திவிடுமே? பதினெட்டு வருடமாக ஊகத்தை வைத்து ஒரு கட்டத்தைக்கூட நிரப்பாதவள், அந்த ஒரு கட்டத்தை ஊகத்தை வைத்து நிரப்பினாள். அவளுக்கு அது சீசியமாக இருக்க வேண்டியிருந்தது. ஆசை வந்தால் கணக்கும் வளைந்து கொடுக்கும் போலிருக்கிறது.

நான் அதைத் தட்டச்சு செய்தேன். மூன்று முறை பிழை திருத்தினேன். ஒரு ஒற்று விடாமல் பார்த்தேன். ஏழாவது வரிசையைப் பற்றி ஒரு கேள்வி கேட்கத் தோன்றவில்லை.

எட்டு மாதத்தில் புது விதி வந்துவிட்டது. எங்கள் துறையில் ஒரு காகிதம் அத்தனை வேகமாக ஓடி நான் பார்த்ததே இல்லை. அக்காவின் பரிந்துரைப் பத்தியை ஒரு வார்த்தை மாற்றாமல் எடுத்துக்கொண்டார்கள். டிரம்மின் மேற்பரப்பில் கதிர் அளவு மணிக்கு இரண்டு மில்லிசீவர்ட்டுக்கு மேல் காட்டினால் இடைநிலை, அதற்குக் கீழே தாழ்நிலை. பழைய வகைகள் எல்லாம் ரத்து. எல்லா டிரம்மும் புதிதாக அளக்கப்படும். இயக்குநர் எல்லோரையும் கூப்பிட்டு வைத்துக் கை தட்டினார். அக்கா அன்று மாலை நேராகப் பொது மருத்துவமனைக்குப் போய்த் தம்பியிடம் சொன்னாள். மூச்சு வாங்குகிற நிலையிலும் அவன், "அப்போ என் டிரம்முக்குப் பதவி உயர்வா? எனக்குக் கிடைக்காதது அதுக்காவது கிடைக்குதே" என்றானாம்.

அந்த முப்பத்தெட்டையும் அளக்கிற அன்று அக்கா கிடங்குக்குப் போனாள். துணைக்கு நானும் போனேன். நீள நீளமான கொட்டகை, ஈரமான சிமெண்டு வாசனை, தரையில் மஞ்சள் கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் எங்களை நிற்கவைத்தார்கள். பதினெட்டு வருடமாக எழுதிய டிரம்மை அன்றுதான் முதல் முறையாகப் பார்த்தேன். சாதாரணத் தண்ணீர் டிரம் மாதிரி இருந்தது. சாயம் உரிந்து, இடுப்பில் ஒரு நெளிசலோடு. அக்காவின் உதடு அசைந்தது. என்ன சொல்கிறாள் என்று காது கொடுத்தேன். "குறைஞ்சிருக்கக் கூடாது, குறைஞ்சிருக்கக் கூடாது" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நஞ்சு நஞ்சாகவே இருக்க வேண்டும் என்று ஒருத்தி மனமுருகி வேண்டிக்கொண்டதை அன்று பார்த்தேன்.

அளப்பவர் கருவியை நெஞ்சுயரத்தில் பிடித்து டிரம்மைச் சுற்றி வந்தார். "ஒன்று புள்ளி இரண்டு" என்றார். அடுத்தது, ஒன்று புள்ளி மூன்று. அதற்கடுத்தது, ஒன்று புள்ளி ஒன்று. முப்பத்தெட்டில் ஒன்றுகூட இரண்டைத் தொடவில்லை. இன்னொரு கருவியைக் கொண்டுவந்து உள்ளே இருப்பது எது என்று பார்த்தார். "கோபால்ட்" என்றார். எங்கள் பக்கம் திரும்பி, முகமெல்லாம் சிரிப்பாக, "நல்ல செய்தி மேடம். எல்லாம் அடங்கிடுச்சு. கிட்டப் போறவங்களுக்கு இனிமே பெரிய பயமில்ல" என்றார். பாவம், அவருக்கு அது நல்ல செய்திதான்.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது என்பார்கள். நாங்கள் பூதம் வேண்டும் என்றே கிணறு வெட்டினோம். அது இருபத்தொரு வருடம் முன்னாலேயே தன் வேலையை முடித்துவிட்டுப் படுத்துவிட்டிருந்தது.

திரும்பி வருகிற பேருந்தில் அக்கா பயணச்சீட்டின் பின்பக்கம் கணக்குப் போட்டாள். இன்றைக்கு ஒன்றேகால். ஐந்து வருடத்துக்கு முன் இரண்டரை. அதற்கு முன் ஐந்து. அதற்கு முன் பத்து. தம்பி நெஞ்சோடு அணைத்துத் தூக்கிய வருடம், இருபது. இரண்டு என்ற எல்லையைப் போலப் பத்து மடங்கு. மறுநாள் காலை அதையே நல்ல தாளில் எழுதி இயக்குநரிடம் கொண்டுபோனாள். நானும் கதவோரம் நின்றேன்.

"கணக்கு சரிதாம்மா" என்றார் இயக்குநர். கெட்ட மனிதர் இல்லை அவர்; அதுதான் என் எரிச்சல், திட்டுவதற்குக்கூட ஒரு கெட்டவன் கிடைக்கவில்லை. "ஆனா அந்த டிரம்மை என்னிக்கு அடைச்சாங்க, அன்னிக்கு உள்ள எவ்வளவு இருந்துச்சு, அதுக்கு ஏதாவது காகிதம் இருக்கா?"

"இல்ல சார்."

"காகிதம் இல்லாத டிரம்முக்கு என்ன பண்றதுன்னு விதியில இருக்கே. அளந்த நாள்தான். நீங்க எழுதினதுதானேம்மா."

அக்கா தாளை நாலாக மடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்று விளையாட்டாகப் பேசுவோமே, அதை ஒருத்தி எதிர் மேசையில் உட்கார்ந்து அனுபவிப்பதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று மாலைவரை எனக்கு ஒரு வரி தட்டச்சு ஓடவில்லை.

தம்பிக்கு இரண்டாவது பதில் தபாலில் போனது. இந்த முறை அதை மேல் அலுவலகத்திலேயே தயாரித்துவிட்டார்கள். எங்கள் கண்ணில் காட்டவில்லை. ஒரு வாரம் கழித்து நானும் அக்காவும் பொது மருத்துவமனைக்குப் போனோம். பெரிய கூடம், இருபது கட்டில். அவன் கட்டில் சுவரோரம். கால்மாட்டில் மருந்து நேர அட்டவணை தொங்கியது, அக்கா கைப்பட எழுதியது. தம்பியின் மனைவி பக்கத்தில் நின்றாள். அவன் தலையணைக்கு அடியிலிருந்து கடிதத்தை எடுத்துக் கொடுத்தான். ஒரே பக்கம். 'புதிய வகைப்பாட்டின்படியும் தாங்கள் கையாண்டது தாழ்நிலைக் கழிவே. ஒப்பீட்டு அட்டவணை இணைப்பில் காண்க.'

"இணைப்பு எங்கடா?" என்றாள் அக்கா.

"வைக்க மறந்திருப்பாங்க. ஆபீஸ்காரங்கதானே" என்றான்.

மனைவிக்குப் பொறுக்கவில்லை. "டிரம்மு இன்னிக்கு நல்லா இருக்காம், அதனால இவருக்கு ஒண்ணுமே ஆகலையாம். யாரு அண்ணி இப்படி ஒரு விதியைப் போட்டது? எந்த வீணாப்போனவங்க? அவங்க கை விளங்குமா?"

அக்கா ஜன்னலைப் பார்த்தாள். "மேல யாரோ" என்றாள்.

நான் அதைத் தட்டச்சு செய்த விரல்களை மடக்கிக்கொண்டேன்.

"சாபம் விடாத" என்று தம்பி மனைவியை அதட்டினான். அதட்டல் இருமலில் போய் முடிந்தது. அடங்கியதும் அக்காவைப் பார்க்காமல், மேலே சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "யாரா இருந்தாலும் நல்லதுக்குன்னுதான் பண்ணியிருப்பாங்க. கெடுக்கணும்னு யாராவது இத்தனை பாடுபட்டு எழுதுவாங்களா? அவங்க நல்லா இருக்கட்டும்."

எனக்கு அவன்மேல் கோபம்கூட வந்தது. சாகக் கிடப்பவனுக்கு எதற்கு இத்தனை பெருந்தன்மை என்று. வெளியே வந்ததும் அக்கா மாடிப்படியில் உட்கார்ந்து அழுதாள். "என்னைத்தான் சொல்றான்னு அவனுக்குத் தெரியல பாரு. தெரிஞ்சா என் முகத்துல முழிப்பானா?" என்றாள். நான் அவள் முதுகைத் தடவிக்கொண்டு நின்றேன். தெரியாதவரைக்கும் நல்லது என்றேன்.

நாற்பது நாள் இருந்தான். அப்புறம் இல்லை.

அட்டவணையைச் சட்டம் போட்டு இயக்குநர் அறைச் சுவரில் மாட்டியிருந்தார்கள். வெளிநாட்டுக் குழு வந்தபோது நன்றாக இருக்கிறது என்று சொன்னார்களாம். யார் வந்தாலும் அக்காவைக் கூப்பிட்டு விளக்கச் சொல்வார்கள். அவளும் கையில் ஒரு குச்சியோடு முதல் வரிசையிலிருந்து சொல்லிக்கொண்டு போவாள். ஆறாவதிலிருந்து எட்டாவதுக்குத் தாவிவிடுவாள். வந்தவர்களில் ஒருவர்கூட அதைக் கவனிக்கவில்லை.

தம்பியின் மனைவி ஏதோ படிவம் நிரப்ப என்னிடம்தான் வந்தாள். ஒரு பிளாஸ்டிக் பையில் அவன் காகிதங்கள் எல்லாம் இருந்தன. நான் ஒவ்வொன்றாகப் பிரித்தேன். நாலாக மடித்த ஒரு தாள் வந்தது. பிரித்ததும் தெரிந்துவிட்டது, என் தட்டச்சு எனக்குத் தெரியாதா? ஒப்பீட்டு அட்டவணை, பரிந்துரைப் பக்கம். ஏழாவது வரிசை, 'அளந்த நாள்'. அடியில், 'தயாரித்தவர்' என்ற இடத்தில் அக்காவின் பெயர், அவள் கையெழுத்து.

"இது கடிதத்தோடயே வந்திருக்கு" என்றாள் அவள், மெல்லிய குரலில். "அண்ணிகிட்ட ஒரு பக்கம் மட்டும் காட்டிட்டு இதை ஆஸ்பத்திரித் துணிப் பெட்டிக்குள்ள வெச்சிருக்கார். என்கிட்டயும் சொல்லல. நேத்துதான் பார்த்தேன். அன்னிக்கு நான் வேற வாய்க்கு வந்தபடி..."

தாளை மேசைக்குள் தள்ளிவிட நினைத்தேன். அதற்குள் அக்கா பின்னால் வந்து நின்றுவிட்டாள். யாரோ வந்திருக்கிறார்களாம், விளக்கப் போகிறாள், கையில் குச்சி இருந்தது. என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். தாளை வாங்கினாள். மடிப்பு மடிப்பாக விரலால் நீவினாள். அடிக்கடி மடித்து அடிக்கடி பிரித்ததில் மடிப்பு கிழிகிற பதத்துக்கு வந்திருந்தது.

"தெரிஞ்சேதான் சொல்லியிருக்கான்" என்றாள்.

உள்ளேயிருந்து இயக்குநர் கூப்பிட்டார். அக்கா அசையவில்லை. தம்பி மனைவியின் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"என்னை ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம்ல" என்றாள்.